கடலே இல்லாத ஊரிலிருந்து கடற்கொள்ளை பற்றிச் சில குறிப்புகள்

கே.ஜி.கண்டிகையில் உட்கார்ந்துகொண்டு கடற்கொள்ளை பற்றி எழுதுவது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. இங்கே பெரிய தண்ணீர் என்றால் மழைக்காலத்து ஏரிதான். கடலைப் பார்க்கணும்னா திருத்தணியில் ரயிலேறி சென்னைக்குப் போகணும்.

போன வாரம் டீக்கடையில் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். அம்மையார்குப்பம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிற அண்ணன் ஒருத்தர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா எழுதற?"

"கடற்கொள்ளை பத்தி, அண்ணா."

"கடல்ல எவனோ எவனையோ அடிச்சிட்டுப் போறான். நம்ம தறிக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்?"

அவர் கட்டியிருந்தது கட்டம் போட்ட லுங்கி. பதில் அந்த லுங்கியிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அங்கே வைத்து சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்து எழுதியதுதான் இது. அவருக்குச் சொல்ல நினைத்த பதில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டம் போட்ட துணியும் பழவேற்காடும்

நம்ம மாவட்டத்திலேயே ஒரு பழைய துறைமுகம் இருக்கிறது, பழவேற்காடு. வெள்ளைக்காரர்கள் வாயில் அது 'புலிகாட்' ஆகிவிட்டது. டச்சுக்காரர்கள் 1610 வாக்கில் அங்கே வந்து இறங்கினார்கள். 1612-ல் சாந்தோமிலிருந்த போர்ச்சுகீசியர்கள் வந்து அவர்களுடைய கிடங்கை அடித்து நொறுக்கினார்கள். அதற்குப் பிறகுதான் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1613-லிருந்து அது அவர்களுடைய சோழமண்டலக் கரையின் தலைமையிடம். பயம்தான் அந்தக் கோட்டைக்கு அஸ்திவாரம்.

அவர்கள் வந்தது துணிக்காக. கிழக்கே இந்தோனேசியத் தீவுகளில் மிளகும் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கணும்னா, அங்கே இருக்கிறவர்கள் ஐரோப்பியப் பொருளைச் சீந்த மாட்டார்கள். அவர்கள் கேட்டது சோழமண்டலத் துணி. அதனால் வெள்ளியையும் தங்கத்தையும் இங்கே கொண்டு வந்து துணி வாங்கி, அந்தத் துணியைக் கொடுத்து அங்கே மசாலா வாங்கினார்கள். புலிகாட் என்ற பெயரே ஐரோப்பாவில் ஒரு வகைக் கைக்குட்டைத் துணிக்குப் பெயராகிவிட்டது. சென்னைக் கட்டத்துணி மேற்கு ஆப்பிரிக்கா வரை போய், நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் கலபாரி மக்களின் கல்யாணத்திலும் சாவிலும் இன்றைக்கும் இடம்பிடித்திருக்கிறது. அவர்கள் அதை 'இஞ்சிரி' என்கிறார்கள்.

பணம் எப்படி வந்தது என்பதைக் கவனிக்கணும். கப்பலில் வெள்ளி வரும். கம்பெனிக்காரன் அதைத் தரகர்களிடம் கொடுப்பான். தரகர் ஊர் ஊராகப் போய் நெசவாளிக்கு முன்பணம் கொடுப்பார். நெசவாளி அதில் நூலும் அரிசியும் வாங்கித் தறியில் உட்காருவார். ஐப்பசி, கார்த்திகை புயல் தொடங்கும் முன் கப்பல்கள் இந்தக் கரையை விட்டுக் கிளம்பியாகணும். இந்தச் சங்கிலியில் ஏதோ ஒரு கப்பல் நடுக்கடலில் பிடிபட்டால், தரகர் கை காலியாகும். தரகர் கை காலியானால் முன்பணம் இல்லை. தறி நிற்கும். அந்த நெசவாளி கடலையே பார்த்திருக்க மாட்டார்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பழவேற்காட்டிலிருந்து துணி மட்டும் போகவில்லை. வங்கக் கரையோரங்களில் போர்ச்சுகீசியக் கொள்ளையர்களும் அரக்கான் மகர்களும் படகில் வந்து ஊரோடு ஆட்களைப் பிடித்துப் போய் விற்றார்கள். அப்படிப் பிடிபட்டவர்களையும், நம்ம பக்கத்துப் பஞ்ச காலங்களில் வயிற்றுப்பாட்டுக்காக விலைபோனவர்களையும் டச்சுக்காரர்கள் வாங்கி பட்டேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றினார்கள். கொள்ளையனிடம் வாங்கியவன் கணக்குப் புத்தகத்தில் 'வணிகன்'. 1666-ல் முகலாய சுபேதார் ஷாயிஸ்தா கான் சிட்டகாங்கைப் பிடித்த பிறகுதான் அந்தப் பக்கத்து ஆள்பிடிப்பு தளர்ந்தது.

புளியும் கடல்நீரும்

இந்தக் கதை வெள்ளைக்காரன் வந்த பிறகு தொடங்கியதில்லை. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, முசிறித் துறைமுகம் இறங்குவதற்கு அவ்வளவு நல்ல இடம் இல்லை, பக்கத்திலேயே கொள்ளையர்கள் இருக்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். இந்தியாவுக்கு வரும் கப்பல்களில் வில்லாளிகளை ஏற்றிக்கொண்டுதான் வந்தார்களாம். மிளகின் விலையில் அந்த வில்லாளியின் கூலியும் சேர்ந்திருக்கும் இல்லையா? பதிற்றுப்பத்தில் சேரன் நெடுஞ்சேரலாதன் கடலுக்குள்ளே போய்க் கடம்ப மரத்தை வெட்டி வீழ்த்தியதாக வருகிறது. அது கடற்கொள்ளையரை அடக்கிய செய்திதான் என்று கருதும் ஆய்வாளர்கள் பலர் உண்டு.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ சொல்வது இன்னும் சுவாரசியம். மலபார், குஜராத் கரைகளிலிருந்து வருஷா வருஷம் நூற்றுக்கும் மேற்பட்ட கொள்ளைக் கப்பல்கள் புறப்படுமாம். பெண்டாட்டி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கோடை முழுக்கக் கடலிலேயே இருப்பார்களாம். இருபது முப்பது கப்பல்கள், ஒன்றுக்கொன்று ஐந்தாறு மைல் இடைவெளி விட்டு வரிசையாக நிற்கும். ஏதாவது ஒரு கப்பலுக்கு வணிகக் கப்பல் கண்ணில் பட்டால் தீ மூட்டி சைகை காட்டும். எல்லோரும் வந்து சூழ்ந்துகொள்வார்கள். நூறு மைல் கடலை வலை போட்டது மாதிரி.

குஜராத் பக்கத்துக் கொள்ளையர்களுக்கு இன்னொரு வேலை தெரியுமாம். முத்தையும் ரத்தினத்தையும் வணிகர்கள் விழுங்கிவிடுவார்கள் அல்லவா, அதற்காகப் புளியைக் கடல்நீரில் கரைத்துக் குடிக்க வைப்பார்களாம். வயிற்றில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். நம்ம வீட்டுப் புளிக்கு இப்படி ஒரு உபயோகம்!

ஆனால் கொள்ளையடித்தது கொள்ளையர்கள் மட்டும்தானா? இங்கேதான் ஒரு கல்வெட்டைப் பார்க்கணும். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளி என்றொரு துறைமுகம். 1244-45-ல் காகதீய மன்னர் கணபதிதேவர் அங்கே ஒரு தூணில் அபய சாசனம் வெட்டி வைத்தார். முந்தைய அரசர்கள், புயலில் அடிபட்டுத் தங்கள் கரையில் ஒதுங்கிய கப்பல்களின் பொன், யானை, குதிரை, ரத்தினம் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன், உயிரைப் பணயம் வைத்து வருகிறவர்களிடம் நிர்ணயித்த சுங்கத்தை மட்டும் வாங்கிக்கொள்வேன். இதுதான் அந்தச் சாசனத்தின் சாரம்.

இதைப் படித்தபோது கொஞ்சம் நேரம் நிறுத்தி யோசித்தேன். ராஜாவே ஒதுங்கிய கப்பலைக் கொள்ளையடிப்பது அதுவரை வழக்கமாக இருந்திருக்கிறது. வழக்கமாக இல்லாத ஒன்றை விட்டுவிடுகிறேன் என்று யாரும் கல்லில் வெட்ட மாட்டார்கள். கணபதிதேவர் நல்லவர் என்பதோடு கணக்குத் தெரிந்தவரும்கூட. ஒரு கப்பலைக் கொள்ளையடித்தால் ஒரு தடவை பணம். பத்திரமாகப் போக விட்டால் வருஷா வருஷம் சுங்கம். பின்னாளில் 1358-ல் கொண்டவீட்டு ரெட்டி அரசர் அனபோதாவும் அதே ஊரில் அதே மாதிரி வாக்குறுதியைப் புதுப்பித்தார்.

கிழக்கே ஸ்ரீவிஜயம் வேறு வழியில் போனது. மலாக்கா நீரிணையை அது காவல் காத்தது. 1225-ல் சீன அதிகாரி ஜாவ் ருகுவா எழுதிய குறிப்பின்படி, அந்தத் துறைமுகத்துக்குள் வராமல் தாண்டிப் போகிற கப்பலை அவர்களுடைய படகுகள் கிளம்பி வந்து தாக்கும். எங்கள் ஊரில் நிறுத்திச் சுங்கம் கட்டு, இல்லையென்றால் அடி. 1025-ல் ராஜேந்திர சோழன் கடாரத்தின் மீது படை அனுப்பியதற்கு இந்தக் கெடுபிடியும் ஒரு காரணம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். சோழர் படையெடுப்பே ஒரு பெரிய கொள்ளைதான் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இதே செயலைக் கடாரத்துக்காரர் எப்படி எழுதியிருப்பார் என்று நாம் யோசிப்பதே இல்லை.

சீட்டு எழுதுகிறவன்

1498-ல் வாஸ்கோ ட காமா வந்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். 1502-ல் அவர் இரண்டாம் முறை வந்தபோது செய்ததை அவ்வளவாகப் படிக்கவில்லை. மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த 'மிரி' என்ற கப்பலைப் பிடித்து, பொருளை எடுத்துக்கொண்டு, ஆணும் பெண்ணுமாக நூற்றுக்கணக்கானவர்களோடு கொளுத்தினார். ஒரு கொடியும் ஒரு ராஜாவும் பின்னால் இல்லாவிட்டால் இந்த மனிதருக்குச் சரித்திரத்தில் வேறு பெயர்தான்.

அடுத்து வந்தது 'கர்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டு. இந்தியப் பெருங்கடலில் எந்தக் கப்பல் போனாலும் போர்ச்சுகீசியரிடம் சீட்டு வாங்கணும். கப்பல் யாருடையது, எவ்வளவு பெரிது, எங்கே போகிறது, என்ன ஆயுதம் எல்லாம் அதில் இருக்கும். சீட்டின் விலை பெரிதில்லை. ஆனால் சீட்டு வாங்கினால் அவர்களுடைய கோட்டைக்குப் போய்ச் சுங்கம் கட்டணும், மிளகு ஏற்றக் கூடாது. சீட்டு இல்லாத கப்பலைப் பிடித்தால் கப்பலும் சரக்கும் அவர்களுக்கு. அக்பரின் கப்பலே சீட்டு வாங்கித்தான் போனது.

அதுவரை இந்தக் கடலில் கொள்ளை இருந்தது, சண்டை இருந்தது. ஆனால் 'கடலே எனக்குச் சொந்தம், போக வர என்னிடம் அனுமதி வாங்கு' என்று மொத்தக் கடலுக்கும் சீட்டு எழுதியவர்கள் இல்லை. சந்தையில் கடை போட்டவனிடம் வந்து, 'மாசா மாசம் எனக்குக் கொடு, உன் கடைக்கு ஒண்ணும் ஆகாது' என்று சொல்கிறவனை நம்ம ஊரில் என்ன சொல்லுவோம்?

சீட்டு வாங்க மறுத்தவர்கள் எதிர்த்தார்கள். கோழிக்கோடு சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்கள் சின்ன, வேகமான படகுகளை வைத்துக்கொண்டு போர்ச்சுகீசியரின் பெரிய கப்பல்களைத் திணறடித்தார்கள். சண்டை நம்ம கரைக்கும் வந்தது. 1538-ல் ராமநாதபுரம் கரையில் மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேதாளையில் சாமூதிரியின் படை பெரிய தோல்வி கண்டது. கடைசியில் நான்காம் குஞ்ஞாலிக்கும் சாமூதிரிக்குமே பகை வந்து, சாமூதிரி போர்ச்சுகீசியரோடு சேர்ந்துகொண்டார். 1600-ல் சரணடைந்த குஞ்ஞாலியைக் கோவாவுக்குக் கொண்டு போய்த் தலையை வெட்டினார்கள். போர்ச்சுகீசிய ஏடுகளில் அவர் கொள்ளையன். இந்தியக் கடற்படை மும்பையில் ஒரு தளத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறது.

சம்பளம் வராத மாலுமிகள்

இப்ப உலக வணிகத்தையே உலுக்கிய ஒரு கொள்ளைக்கு வருவோம்.

1694-ல் ஸ்பெயினின் கொருன்யா துறைமுகத்தில் ஒரு ஆங்கிலக் கப்பல் மாதக்கணக்கில் சும்மா நின்றது. மாலுமிகளுக்குச் சம்பளம் வரவில்லை. ஹென்றி எவ்ரி என்பவர் தலைமையில் அவர்கள் கப்பலையே கைப்பற்றி, 'ஃபேன்சி' என்று பெயர் மாற்றி, இந்தியப் பெருங்கடலுக்கு வந்தார்கள். 1695 செப்டம்பரில் செங்கடலிலிருந்து சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த கப்பல்களைத் துரத்தினார்கள். முதலில் சூரத்தின் பெரிய வணிகர் அப்துல் கஃபூரின் 'ஃபத்தே முகமது'. அடுத்து ஔரங்கசீப்பின் சொந்தக் கப்பல் 'கஞ்ச்-இ-சவாய்'. அதில் ஹஜ் முடித்துத் திரும்பும் பயணிகள் இருந்தார்கள். நாட்கணக்கில் கொள்ளையும் சித்திரவதையும், பெண்கள் மீது பலாத்காரமும் நடந்தது. சினிமாவில் வருகிற ஜாலியான கடற்கொள்ளையனை ரசிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

செய்தி சூரத்துக்கு வந்ததும் ஊர் கொதித்தது. செய்தவன் ஆங்கிலேயன், அப்ப ஆங்கிலக் கம்பெனியும் கூட்டுத்தான் என்று மக்கள் முடிவு கட்டினார்கள். கம்பெனியின் சூரத் தலைவரையும் ஆட்களையும் முகலாய அதிகாரிகள் சிறை வைத்தார்கள். வணிகம் மாதக்கணக்கில் முடங்கியது. நஷ்டம் மூன்றே கால் லட்சம் பவுனிலிருந்து ஆறு லட்சம் பவுன் வரை என்று ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள்.

லண்டன் அரசு எவ்ரியின் தலைக்கு 500 பவுன் வைத்தது. கம்பெனி அதை 1000 ஆக்கியது. எவ்ரி கடைசிவரை அகப்படவே இல்லை. சில ஆட்கள் பிடிபட்டார்கள். 1696-ல் லண்டனில் விசாரணை. முதல் ஜூரி அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று விட்டுவிட்டது! முகமதிய ராஜாவின் கப்பலைக் கொள்ளையடித்தது அவர்களுக்குப் பெரிய தப்பாகப் படவில்லை போலிருக்கிறது. உடனே ஆங்கிலக் கப்பலைத் திருடினார்கள் என்று வேறு குற்றச்சாட்டு வைத்து, ஐந்து பேரைத் தூக்கிலிட்டார்கள்.

ஔரங்கசீப்பின் அழுத்தத்தில் ஆங்கிலேயர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர் மூவரும் ஹஜ் கப்பல்களுக்குப் பாதுகாப்புத் தருவதாக எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இது தண்டனை. ஆனால் அடுத்தவன் கப்பலுக்குக் காவல் போகிறவன் கொஞ்ச நாளில் அந்தக் கடலுக்கே காவல்காரன் ஆகிவிடுவான். கொள்ளையனைக் காட்டித்தான் கம்பெனி தன் பீரங்கிக் கப்பலுக்கு நியாயம் தேடிக்கொண்டது.

கடாரம் பெயர் கொண்ட கப்பல்

கொள்ளையர்கள் கிளப்பிய பீதியில் இன்னொரு காமெடி நடந்தது. கொள்ளையரைப் பிடிக்க லண்டனின் பெரிய பிரபுக்கள் சிலர் பணம் போட்டு, ராஜாவின் கடிதத்தோடு ஒரு கேப்டனை அனுப்பினார்கள். அவர்தான் வில்லியம் கிட். கொள்ளையரையும் எதிரி நாட்டுப் பிரெஞ்சுக் கப்பல்களையும் பிடிக்கலாம், வருவதைப் பங்கு போடலாம் என்பது ஏற்பாடு.

மாதங்கள் ஓடின, ஒன்றும் சிக்கவில்லை. பங்கு மட்டுமே சம்பளம் என்பதால் மாலுமிகள் முறுக்கிக்கொண்டார்கள். 1698 ஜனவரி 30-ல் மலபார் கரையோரம் ஒரு கப்பல் கிடைத்தது. துணி, பட்டு, சர்க்கரை, அபின், இரும்பு, வெடியுப்பு என்று நிறைந்த சரக்கு. ஆர்மீனிய வணிகர்களுடையது, வங்காளத்திலிருந்து சூரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, கேப்டன் ஆங்கிலேயர், கையில் இருந்தது பிரெஞ்சுச் சீட்டு. அந்தக் காலத்தில் எந்தக் கப்பலும் நாலைந்து நாட்டுச் சீட்டை வைத்துக்கொண்டுதான் போகும், வழியில் யார் மறிக்கிறானோ அவனுக்கு ஏற்றதைக் காட்ட. பிரெஞ்சுச் சீட்டு இருக்கிறது, ஆகவே இது சட்டப்படி என் பங்கு என்றார் கிட்.

அந்தக் கப்பலின் பெயர் 'கெடா மெர்ச்சன்ட்'. கெடா என்பது மலேசியாவின் கெடா. நம்ம கடாரம்! ராஜேந்திரன் படை போன அதே கடாரத்தின் பெயர், அறுநூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து, உலகத்தின் மிகப் பிரபலமான கடற்கொள்ளை வழக்கின் நடுவில் வந்து நிற்கிறது.

முகலாய அரசைச் சமாதானப்படுத்த லண்டனுக்கு இப்போது ஒரு ஆள் தேவைப்பட்டது. கிட் கைதானார். பணம் போட்ட பிரபுக்கள் கை கழுவினார்கள். தற்காப்புக்கு அவர் கேட்ட அந்தப் பிரெஞ்சுச் சீட்டுகள் விசாரணையின்போது காணோம். 1701 மே 23-ல் தேம்ஸ் கரையில் தூக்கு. இருநூறு வருஷத்துக்கு மேலே கழித்து, இருபதாம் நூற்றாண்டில், லண்டன் அரசு ஆவணங்களுக்குள்ளிருந்து அந்தச் சீட்டுகள் வெளியே வந்தன. கப்பலின் மிச்சம் 2007-ல் டொமினிக்கன் குடியரசுக் கரையோரம் கிடைத்தது.

கிட் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவருக்குத் தூக்கு கொடுத்த அதே காலத்தில் நம்ம சென்னையின் கவர்னர் யார் என்று பாருங்கள், தாமஸ் பிட். இளவயதில் கம்பெனியின் ஏகபோகத்தை மீறித் திருட்டுத்தனமாக வணிகம் செய்ததற்காகக் கைதாகி அபராதம் கட்டியவர். அடங்காத ஆளை உள்ளேயே இழுத்துப்போடுவது நல்லது என்று கம்பெனி 1698-ல் அவரை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குக் கவர்னராக்கியது. 1709 வரை இருந்தார். கோல்கொண்டா பக்கத்து வைரம் ஒன்றை வாங்கிப் பெரும் பணக்காரராக ஊர் திரும்பினார். ஒருவருக்குக் கயிறு, இன்னொருவருக்குக் கோட்டை.

தறிக்கு என்ன ஆனது?

இந்தக் கொள்ளைகளால் உலக வணிகத்தில் நிலைத்து நின்றவை சில. பெருங்கடல்களில் நிரந்தரமாகப் போர்க்கப்பல் வைப்பது, வணிகக் கப்பல்கள் கூட்டமாகக் காவலோடு போவது, கொள்ளையரை எங்கே பிடித்தாலும் அங்கேயே விசாரிக்கலாம் என்று 1700-ஐ ஒட்டி வந்த ஆங்கிலச் சட்டம். கடல் காப்பீடும் இதில் வளர்ந்தது. லண்டனில் எட்வர்ட் லாயிட் நடத்திய காபிக்கடையில் கப்பல் செய்தி பேச வந்தவர்கள் கூடிக் கூடித்தான் இன்றைய லாயிட்ஸ் உருவானது. கடலில் இருக்கும் பயத்துக்கு அங்கே விலை போட்டார்கள்.

அந்த விலை கடைசியில் யார் தலையில்? கப்பல்காரன் வாடகையில் ஏற்றுவான், வணிகன் கொள்முதல் விலையில் குறைப்பான், தரகர் நெசவாளியின் கூலியில் பிடிப்பார். நெசவாளிக்குக் கீழே யாரும் இல்லை.

இன்னொரு அடி வேறு திசையிலிருந்து வந்தது. லண்டன் நெசவாளர்கள் இந்தியத் துணியால் வயிறு காய்ந்து, 1697-ல் கம்பெனி அலுவலகத்தையே தாக்கினார்கள். 1700-ல் வந்த சட்டம் இந்திய அச்சுத்துணியை இங்கிலாந்தில் விற்கத் தடை போட்டது. 1721-ல் வந்தது உடுத்தவே தடை. கொள்ளையன் தப்பித் தவறி ஒரு கப்பலைப் பிடிப்பான். சட்டம் எல்லாக் கப்பலையும் பிடித்தது.

மேற்குக் கரையில் கம்பெனி யாரைக் கொள்ளையன் என்றதோ அவர் மராட்டியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்க்ரே. அவர் செய்தது என்ன? போர்ச்சுகீசியன் மாதிரி, ஆங்கிலேயன் மாதிரி, அவரும் சீட்டு எழுதினார். சீட்டில்லாத கப்பலைப் பிடித்தார். 1729-ல் அவர் இறந்த பிறகும் அவர் வாரிசுகள் தொடர்ந்தார்கள். 1756 பிப்ரவரியில் வாட்சனும் கிளைவும் விஜயதுர்க் கோட்டையைப் பிடித்து துளாஜி ஆங்க்ரேயின் கப்பல்களைக் கொளுத்தினார்கள். அங்கிருந்து கிளைவ் நம்ம கடலூர் டேவிட் கோட்டைக்கு வந்தார், பிறகு வங்காளம் போனார். அடுத்த வருஷம் பிளாசி. 'கொள்ளையரை ஒழித்த' படை பதினாறு மாதத்தில் ஒரு மாகாணத்தையே எடுத்துக்கொண்டது. ஆங்க்ரே பெயரிலும் இன்று மும்பையில் ஒரு கடற்படைத் தளம் இருக்கிறது.

இன்றைக்கும்

1991-ல் சோமாலியாவில் அரசாங்கம் சரிந்தது. கரையைக் காக்க ஆளில்லை. வெளிநாட்டு இழுவைப் படகுகள் வந்து மீனை அள்ளின. முதலில் 'எங்கள் கடலைக் காக்கிறோம்' என்று துப்பாக்கி எடுத்தவர்களின் வேலை, சீக்கிரமே கப்பலைக் கடத்திப் பணம் கேட்கும் தொழிலாக மாறியது. 2010 செப்டம்பரில் 'அஸ்ஃபால்ட் வென்ச்சர்' என்ற கப்பலைக் கடத்தினார்கள். 2011 ஏப்ரலில் பணம் வாங்கிக்கொண்டு கப்பலை விட்டார்கள். ஆனால் இந்திய மாலுமிகள் ஏழு பேரை மட்டும் விடவில்லை. இந்தியக் கடற்படை பிடித்து வைத்திருக்கும் எங்கள் ஆட்களை விடு என்றார்கள். அந்த ஏழு பேர் வீடு திரும்ப 2014 அக்டோபர் வரை ஆனது. நாலு வருஷம்!

அந்தப் பயம் நம்ம பக்கத்திலேயே உயிரை எடுத்தது. கப்பல் தொழில் அமைப்புகள் ஆபத்துப் பகுதியின் கோட்டை இந்தியக் கரை வரை இழுத்துவிட்டிருந்த நேரம். 2012 பிப்ரவரி 15-ல் கேரளக் கரைக்கு அப்பால் போன 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலியக் கப்பலின் காவல் வீரர்கள், நீண்டகரையிலிருந்து போன ஒரு மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகு என்று நினைத்துச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் செத்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், இன்னொருவர் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பையன். ஒன்பது வருஷம் வழக்கு நடந்து, 2021-ல் 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. கோடு இழுத்தவர்கள் 2015 டிசம்பரில் அதை மேற்கே தள்ளிக்கொண்டார்கள். இந்தியா கேட்டதும் அதைத்தான். கோடு இங்கே இருந்தவரை நம்ம துறைமுகத்துக்கு வரும் சரக்குக்கெல்லாம் கூடுதல் காப்பீட்டுச் செலவு.

சட்டத்தின் கதையும் விசித்திரம். 1999-ல் 'அலோண்ட்ரா ரெயின்போ' என்ற ஜப்பானியருக்குச் சொந்தமான கப்பலைக் கடத்தியவர்களை நம்ம கடலோரக் காவல் படையும் கடற்படையும் துரத்திப் பிடித்தன. கீழ் நீதிமன்றம் தண்டித்தது, 2005-ல் மும்பை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கடற்கொள்ளைக்கென்று நம்மிடம் தனிச் சட்டமே இல்லை. அது 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2024 மார்ச்சில் 'ரூயன்' கப்பலை மீட்டு, 35 சோமாலியரைப் பிடித்து மும்பைக்குக் கொண்டுவந்தபோது அந்தச் சட்டம் இருந்தது.

ஐ.நா. கடல் சட்டம் கடற்கொள்ளையை எப்படி வரையறுக்கிறது தெரியுமா? திறந்த கடலில், ஒரு கப்பலில் இருக்கிறவர்கள் இன்னொரு கப்பல் மீது, *தனிப்பட்ட நோக்கத்துக்காக* செய்கிற வன்முறை. தனிப்பட்ட நோக்கம் என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். அரசின் பெயரில் செய்தால் அது கடற்கொள்ளை கணக்கில் வராது. வாஸ்கோ ட காமாவைக் கூண்டில் ஏற்ற இந்த வரையறை உதவாது. ஐந்நூறு வருஷச் சரித்திரமும் அந்தச் சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

அதற்காகக் கொள்ளையர்களை வீரர்களாக்கிப் பாட்டுப் பாட வேண்டியதில்லை. கஞ்ச்-இ-சவாயில் இருந்த பெண்களுக்கும், நாலு வருஷம் காட்டில் கிடந்த அந்த ஏழு மாலுமிகளுக்கும் எவ்ரியும் கொள்ளையன்தான், சோமாலியக்காரனும் கொள்ளையன்தான். அதில் சந்தேகமே இல்லை. 'கொள்ளையன்' என்ற பெயர் யார் கையால் எழுதப்படுகிறது என்பதை மட்டும் பார்க்கணும். எழுதுகிறவனிடமும் ஒரு கப்பல் இருக்கும்.

2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கி, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தபோது, திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் கண்டெய்னர் வாடகை ஏறிவிட்டது என்று புலம்பியது ஞாபகம் இருக்கும். ஏறிய வாடகை எங்கே போய் இறங்கும் என்பது தறி ஓட்டுகிற யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நேற்று அந்த அண்ணனைத் திரும்பவும் டீக்கடையில் பார்த்தேன். இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். டீயைக் குடித்துவிட்டு, "ஆக, கடல்ல எவன் எவனை அடிச்சாலும் கூலி கொறையறது நமக்குத்தான்ற" என்றார்.

நான் இத்தனை பக்கம் எழுதியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். டீக்குக் காசும் அவரே கொடுத்தார்.